மீளப் பெற முடியாத குரல்

அத்தியாயம் 14

வைலே ஸ்டேஷன் வாசலில் அப்பாவின் கார் வழமையான இடத்தில்தான் நின்றது. அப்பாதான் வழமைபோல் இறங்கி வந்து பையை வாங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே இருந்தார். சாரங்கி தானே டிக்கியைத் திறந்து பையைப் போட்டுவிட்டு முன் சீட்டில் ஏறினாள்.

"அம்மா எப்பிடி?"

"இருக்கிறா."

"கதைக்கிறாவோ?"

"என்னோட கதைக்கிறா. போன் அடிச்சா எடுக்கிறேல்லை. வேலையிலயிருந்து மூண்டு தரம் எடுத்தவை. நான்தான் எடுத்து, சுகமில்லை எண்டு சொன்னன். டிவியில டேனிஷ்காரர் கதைச்சா நிப்பாட்டிப்போடுறா." சண்முகலிங்கம் காரை எடுத்தார். "வீட்டுக்குள்ள இனி டேனிஷ் வேண்டாமாம். உனக்கும் சேர்த்துத்தான் சொன்னவ."

சாரங்கி 'ஓகே' என்று சொல்ல வாயெடுத்து, அது எந்தப் பாஷை என்ற யோசனையில் பேசாமல் இருந்துவிட்டாள்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வார்த்தை. சாரங்கியின் அம்மா ராசமலர் இருபத்தேழு வருடமாகக் கிரின்ஸ்டெட்டில் வயோதிபர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, குளிசை கொடுத்து வருபவள். ஒவ்வொரு வீட்டை விட்டு வெளிக்கிடும்போதும் காருக்குள் இருந்து அன்றைய குறிப்பைக் கைபேசிக்குள் சொல்லிவைப்பாள். டேனிஷ் எழுத்து அவளுக்கு வராது, பேச்சு வரும். அந்த ஒலிப்பதிவுகளை அவளுடைய கொம்பனி அரசாங்கத் திட்டம் ஒன்றுக்குத் தூக்கிக் கொடுத்தது. வெளிநாட்டுக்காரர் பேசுகிற டேனிஷைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பழக்கும் திட்டம் அது. திட்டக்காரர் பெயர், முகவரி, நோய் விவரம் எல்லாவற்றையும் பக்குவமாக வெட்டி எடுத்துவிட்டுக் குரலை மட்டும் திறந்த உரிமத்தில் இணையத்தில் போட்டார்கள். திறந்த உரிமம் என்றால் யாரும் எடுக்கலாம், எதற்கும் பாவிக்கலாம், விற்கலாம். ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை.

போன செவ்வாய்க்கிழமை, தான் ஒன்பது வருடமாகக் குளிப்பாட்டி வரும் ஒரு கிழவரின் வீட்டுக்கு ராசமலர் போனபோது, பேரப்பிள்ளைகள் சோபாவில் கைபேசியை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கைபேசிக்குள்ளே ராசமலர் கதைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருநாளும் கதைத்திராத கதை அது.

சாரங்கியைப் பற்றியும் சொல்லவேண்டும். முப்பத்திநாலு வயது. அல்பர்ட்ஸ்லுண்டில் வீடு, கொப்பன்ஹேகனில் வேலை. வேலை எங்கே என்றால், அந்தத் திட்டத்தை நடத்துகிற திணைக்களத்திலேயே சட்ட அதிகாரி. உரிமப் பத்திரத்தின் நாலாம் பந்தி அவள் கைப்பட எழுதியது. 'இவ்வுரிமத்தின் கீழ் ஒருமுறை வழங்கப்பட்டது மீளப் பெறப்படாது.' நேற்று அவள் பதிவேட்டைத் திறந்து, அம்மாவின் சம்மதம் எப்போது பதிவானது என்று பார்த்தாள். தேர்த் திருவிழா ஞாயிற்றுக்கிழமை, பகல் 12.41. பார்த்ததும் லாப்டொப்பை மூடிவிட்டு ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாள்.

அந்த ஞாயிறு அவளுக்கு நல்ல ஞாபகம். அப்பா, அம்மா, தம்பி லவன் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். இருபத்தைந்து நிமிடக் கார் ஓட்டம். தலையிடி என்று சொல்லி அவள் மட்டும் வீட்டில் நின்றுவிட்டாள். தலையிடி எல்லாம் இல்லை, திங்கட்கிழமை ஒப்படைக்கவேண்டிய பத்திரம் ஒன்று இருந்தது. நடுவில் அலுத்துப்போய், வழக்கம்போல் அம்மாவின் கடிதங்களைப் பார்க்க உட்கார்ந்தாள்.

இந்த வழக்கம் சாரங்கிக்குப் பதினொரு வயதில் தொடங்கியது. அப்போது கடதாசியில் வந்தது, இப்போது கைபேசியில் வருகிறது. மகள் வாசிப்பாள், மகளே பதில் போடுவாள். "என்னவாம் பிள்ளை?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள். "ஒண்டுமில்லை அம்மா, சும்மா கடிதம்" என்பாள் மகள். இந்தத் தேசத்தில் எத்தனை தமிழ்க் குடும்பங்களின் அரசாங்க விவகாரம் முழுவதும் இந்த ஒற்றை வசனத்தில் ஓடியிருக்கிறது என்று கணக்கெடுத்தால், திணைக்களம் அதற்கும் ஒரு திட்டம் போடவேண்டியிருக்கும்.

கையெழுத்துப் போடுவதற்கு அரசாங்கம் கொடுத்த மின்சாவிக்குப் பெயர் மிட்ஐடி. ஆறு இலக்கத்தை அமத்தினால் நீங்கள் நீங்கள்தான் என்று அரசாங்கம் நம்பும். ராசமலர் போட்டு வைத்த ஆறு இலக்கம் மகள் பிறந்த தேதி. கோயிலுக்குப் போகும்போது ராசமலர் கைபேசியைக் கொண்டு போவதில்லை. அது குசினி மேசையில்தான் கிடந்தது.

பதினாலு கடிதங்கள் இருந்தன. பல்வைத்தியர், மின்சாரம், கார் காப்புறுதி. ஒன்பதாவதைத் திறந்ததும் சாரங்கி சிரித்தாள். அது அவளே சொல் சொல்லாகத் திருத்தி எழுதிய சம்மதக் கடிதம். சுற்றிச் சுற்றித் தன் அம்மாவுக்கே வந்திருக்கிறது! எவ்வளவு பெருமையாக இருந்தது. கூட்டங்களில் அவள் அம்மாவைத்தான் உதாரணம் காட்டுவாள். "என் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தால், பதில் சொல்லுகிற மெஷினுக்கு அவர் பேசுவது விளங்கவேண்டும்" என்பாள். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். அவள் சொன்னதும் பொய் இல்லை, மனதார நம்பித்தான் சொன்னாள். அந்த நம்பிக்கையோடு அம்மாவின் கைபேசியில் தன் பிறந்த தேதியை அமத்தினாள். அந்த நேரம் கராஜ் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. கோயிலிலிருந்து யாரோ ஏதோ எடுக்க வந்திருப்பார்கள் என்று நினைத்து, தலை நிமிராமல் பத்தாவது கடிதத்துக்குப் போனாள்.

"அப்பா."

"ம்."

"அம்மாவின்ர அந்தச் சம்மதம். அதை அமத்தினது நான்."

முன்னால் சுற்றுவட்டம் வந்தது. சண்முகலிங்கம் வெளியே எடுக்கவேண்டிய வழியை விட்டுவிட்டு இரண்டாம் தரமும் சுற்றினார். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

"ஏன் பிள்ளை? வாசிக்காமல் அமத்தினியோ?"

"வாசிக்கத் தேவையில்லை அப்பா. அதை எழுதினதே நான்தான்."

முப்பத்தாறு வருடம் ஒரே தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்த மனுசனுக்கு இந்தப் பதிலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்சத் தூரம் போனபிறகு, தான் அறியவேண்டிய ஒன்றை மட்டும் கேட்டார்.

"தெரிஞ்சா வேலை போகுமோ?"

"போகும். மற்ற ஆளின்ர மிட்ஐடியைப் பாவிக்கிறது குற்றம். நான் சட்டக்காரி. எனக்குத் தெரியாதெண்டு சொல்லேலாது."

"அப்ப அம்மாவுக்குச் சொல்லாதை."

"அப்பா..."

"சொல்லாதை எண்டு சொன்னன்."

சோளக் காடுகளும் பன்றிப் பண்ணைகளும் இரண்டு பக்கமும் ஓடின. சாரங்கி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். போன இலையுதிர் காலத்தில்தான் அவர் குடியுரிமைப் பரீட்சையில், நாலாவது தரம், தேறினார். விண்ணப்பம் போட்டாயிற்று, பதில் வரவில்லை. கேக் வெட்டும்போது லவன் எடுத்த படம் ஒன்று குடும்ப வட்சப்பில் இன்னும் கிடக்கிறது. அப்பா சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை நினைக்கவே அவளுக்கு அருவருப்பாகவும் இருந்தது.

வீட்டில் ராசமலர் மூன்று பேருக்கும் சாப்பாடு போட்டு வைத்திருந்தாள். சோறு, விளைமீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். கோபமாக இருக்கிற நாளில்தான் அவள் ருசியாகச் சமைப்பாள் என்பது இந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த விஷயம். அன்றைக்குக் குழம்பு அப்படி ஒரு ருசி.

மகளைக் கண்டதும், "மெலிஞ்சு போனாய்" என்றாள். வழக்கமாகச் சொல்வதுதான்.

சாப்பிட்டு முடிந்ததும் கோப்பைகளை ஒதுக்கி வைத்துவிட்டு ராசமலர் தன் கைபேசியை எடுத்தாள்.

"கேட்டியோ நீ இதை?"

"கேட்டனான் அம்மா."

"என்னோட இருந்து கேள்."

இருபது விநாடி வீடியோ. கார்ட்டூன் பெண் ஒருத்தி, தலையில் முக்காடு, கையில் வாளி. வாயைத் திறந்தால் ராசமலரின் குரல். "ஸோ, ஸோ," என்கிறது அந்தக் குரல். அழுகிற கிழவர்களையும் குளிருக்கு நடுங்குகிற கிழவிகளையும் ராசமலர் தேற்றுகிற சொல் அது. டேனிஷ்காரரிடம் கேட்டுப் பழகி, அவர்களைவிட இதமாகச் சொல்லப் பழகியிருந்தாள். "ஸோ, ஸோ. கிழவி கொஞ்சம் படுக்கட்டும். அதுக்குள்ள நான் அலுமாரியைப் பார்க்கிறேன்." அதன் பிறகு சிரிப்புச் சத்தம். அந்தச் சிரிப்பு வேறு யாருடையதோ.

யார் செய்தது என்று கேட்டால், பெயர் தெரியாத ஒரு இலவசச் செயலி. பட்டியலில் நாற்பது குரல்கள் இருந்தன. முதலாளி, பாதிரியார், நகைச்சுவைக் கிழவன். அவர்களுக்கு நடுவே 'வீட்டுக்கு வரும் வெளிநாட்டு உதவிக்காரி' என்று ஒன்று. என்ன எழுதிக் கொடுத்தாலும் ராசமலர் சொல்லுவாள்.

"இருபத்தேழு வருசம்," என்றாள் ராசமலர். குரல் உயரவில்லை. "எத்தினை வீட்டுத் திறப்பு என்ர கையில இருந்தது. ஒரு வீட்டில ஒரு தேக்கரண்டி குறைஞ்சதெண்டு ஒருத்தர் சொன்னதில்லை. அந்தக் கிழவர்ர பேத்தி என்னைக் கண்டவுடன போனைக் குசனுக்குக் கீழ மறைச்சவள். மறைச்சதாலதான் எனக்கு விளங்கினது. ஆரின்ர குரலெண்டு தெரியாட்டி அவள் ஏன் மறைக்கிறாள்?"

சாரங்கி மேசையைப் பார்த்தாள்.

"கிழவரைக் குளிப்பாட்டப் போனன். தண்ணி குளிருது எண்டு அவர் அழுதார். எனக்கு ஸோ, ஸோ எண்டு சொல்ல வாய் வரேல்லை. அந்த மனுசன் அழ அழப் பேசாமல் குளிப்பாட்டிப்போட்டு வந்தன்." ராசமலர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "அழிக்கச் சொல்லு."

"அம்மா, அது அப்பிடி லேசில்லை."

"நீ அங்கதானே வேலை?"

"ஓம். ஆனா எங்கட பட்டியல்ல இருந்துதான் எடுக்கலாம். ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போன ஆக்களிட்ட இருந்து எடுக்கேலாது. லைசன்ஸ் அப்பிடி."

"என்ன லைசன்ஸ்?"

சாரங்கிக்குத் தமிழில் சொல்லத் தெரியவில்லை. டேனிஷில் என்றால் மூன்று மணித்தியாலம் பேசுவாள், பேசியும் இருக்கிறாள். "எல்லாருக்கும் திறந்துவிடுறது, அம்மா. சின்னக் கொம்பனி, பல்கலைக்கழகம், ஆரெண்டாலும் எடுத்து மெஷின் செய்யலாம். பெரிய ஆக்கள் மட்டும் வைச்சிருக்கக்கூடாது எண்டுதான் அப்பிடிச் செய்தது. நல்லதுக்குத்தான்."

"திரும்பக் கேக்கேலாதோ?"

"கேட்டா, நாளையிலயிருந்துதான். நேற்றுவரைக்கும் எடுத்தவனை அது கட்டாது."

"உப்பிடி ஒரு கதையை ஆர் எழுதினது?"

சண்முகலிங்கம் இருமினார். சாரங்கி, "திணைக்களம்" என்றாள்.

ராசமலர் எழுந்து தேத்தண்ணி ஊற்றினாள். மூன்று கோப்பை, மூன்றுக்கும் அளவான சீனி. இருந்தபிறகு கேட்ட கேள்வி, திணைக்களத்தில் எட்டு மாதம் நடந்த கூட்டங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி.

"நான் ஓம் எண்டே சொல்லேல்லையெண்டா?"

"என்னம்மா?"

"திரும்பக் கேக்கிறதுக்கு, முதல்ல குடுத்திருக்க வேணுமெல்லோ. நான் குடுக்கவே இல்லையெண்டா?"

சாரங்கியின் சட்டம் படித்த வாய், சரியான பதிலைச் சொல்லிவிட்டது. "அப்ப வேற. சம்மதம் இல்லாமல் எடுத்ததெண்டா அந்த லைசன்சே உங்கட குரலுக்குச் செல்லாது. எடுத்துக்கொண்டு போனவையின்ர கையில இருக்கிறது களவுச் சாமான் மாதிரி. திணைக்களம் எல்லாருக்கும் எழுதி அறிவிக்கவேணும், பாவிக்காதையுங்கோ எண்டு. நீங்கள் அந்தச் செயலிக்காரர் மேல வழக்கும் வைக்கலாம்."

"நான் எப்ப ஓம் சொன்னதாம்?"

சாரங்கி தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"உனக்குத் தெரியும். பாக்காமல் வந்திருக்க மாட்டாய்."

"தேர் அண்டைக்கு," என்றாள் சாரங்கி. "பகல் பன்னிரண்டு நாப்பத்தொண்டு."

"தேர் அண்டைக்கு." ராசமலர் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தாள். "நான் அப்ப கோயில் அடுப்படியில நிண்டனான். சனம் கூடிப்போச்செண்டு இன்னொரு கிடாரம் எடுத்துவர வீட்டுக்கு ஆள் அனுப்பினதும் அப்பதான். போன் இஞ்ச மேசையில கிடந்தது. அப்ப ஆர் அமத்தினது?"

சுவரில் மணிக்கூடு ஓடியது. பக்கத்து வீட்டுக்காரன் புல்வெட்டும் மெஷினை இழுத்து இழுத்துப் பார்த்தான், அது பற்றவில்லை.

"நான்தான்," என்றார் சண்முகலிங்கம்.

ராசமலர் திரும்பினாள்.

"கிடாரம் எடுக்க வந்தனானெல்லே. உன்ர போன் கிணுகிணுத்தது. எடுத்துப் பாத்தா, ஏதோ கேக்குது. அங்க சனம் சோத்துக்குக் காத்துக்கொண்டு நிக்குது, எனக்கு நிண்டு வாசிக்க நேரமே? நம்பர் தெரியும். அமத்திப்போட்டுக் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிட்டன்." அவர் கோப்பையின் காதைத் திருப்பித் திருப்பி வைத்தார். "பிறகு மறந்துபோனன். பிழைதான்."

நாற்பது வருட வாழ்க்கையில் சண்முகலிங்கம் மனைவிக்குச் சொன்ன பொய்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்றுகூட இப்படி விலாவாரியாக இருந்ததில்லை. ராசமலர் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"நீ வீட்டிலதானே நிண்டனி, பிள்ளை. அப்பா வந்தவரோ?"

'இல்லை அம்மா, அது நான்' என்று சொல்ல நாலு சொல் போதும். நாலும் தமிழ்ச் சொல். சாரங்கிக்குத் தெரிந்த சொற்கள்தான்.

"கராஜ் கதவு திறந்த சத்தம் கேட்டது," என்றாள் சாரங்கி.

நல்ல சட்ட அதிகாரி. பொய்யும் சொல்லவில்லை.

"சரி," என்றாள் ராசமலர். "கொம்பியூட்டரை எடு. எழுது."

"என்ன எழுதிறது?"

"உங்கட திணைக்களத்துக்குக் கடிதம். எனக்கு எழுத்து வராதெண்டு உனக்குத் தெரியும். பதினொரு வயசில இருந்து நீதானே எழுதுறாய். நான் சொல்லுறன், நீ டேனிஷில எழுது."

சாரங்கி லாப்டொப்பைத் திறந்தாள். ராசமலர் கையை மடியில் வைத்து நிமிர்ந்து இருந்தாள். காருக்குள் இருந்து குறிப்புச் சொல்லும்போதும் இப்படித்தான் இருப்பாள். முதலில் தேதி. பிறகு கண்டது. பிறகு செய்தது. கடைசியாக, அடுத்து வருகிற ஆளுக்குச் சொல்லவேண்டியது. இருபத்தேழு வருடத்துப் பழக்கம், ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை.

"இண்டைக்குத் தேதி போடு. என்ர பேர், வயசு அறுபத்திரண்டு, வேலை போடு. இந்தக் குரல் என்ர. இதைக் குடுக்க நான் சம்மதிக்கேல்லை. சம்மதம் பதிஞ்ச நேரம் நான் வீட்டில இல்லை. கோயில்ல எண்பது பேர் என்னைக் கண்டவை. போட்டியோ?"

"ஓம்."

"இந்தக் குரலை எடுத்த எல்லாருக்கும் திணைக்களம் அறிவிக்கவேணும். அறிவிச்சதுக்கு எனக்கு அத்தாட்சி தரவேணும். போடு." கொஞ்சம் நிறுத்தினாள். "இனி, என்ர போனில சம்மதத்தை அமத்தின ஆளின்ர பேர்."

விசைப்பலகையில் விரல்கள் நின்றன.

"பேர் தேவையோ, அம்மா?"

"நீதான் சொல்லு. தேவையில்லையோ?"

தேவை. யார் அமத்தியது என்று சொல்லாமல், நான் அமத்தவில்லை என்று மட்டும் எழுதுகிற கடிதம் எந்தப் பெட்டிக்குள் போகும் என்று சாரங்கிக்குத் தெரியும். அந்தப் பெட்டி அவளுடைய அறையில்தான் இருக்கிறது. பெயர் போனால் அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரியும். திணைக்களம் பொலிசுக்கு எழுதும். பொலிஸ் பதிவு விழுந்த ஒருவரின் குடியுரிமை விண்ணப்பம் எத்தனை வருடம் தள்ளிப்போகும் என்று பாடமாகவே சொல்லுவாள்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடித் திறந்து, தலையை ஒருதரம் அசைத்தார். எழுது என்றது அந்தத் தலை.

எழுதினாள். 'என் கணவர் சண்முகலிங்கம், எனக்குத் தெரியாமல்.' டேனிஷில் அது ஒரு சின்ன வசனம். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் வந்தது.

"வாசி. தமிழில சொல்லு."

சாரங்கி சொன்னாள். கடைசி வசனத்தில் அவளுடைய குரல் கொஞ்சம் இறங்கியது. அவ்வளவுதான், நிற்கவில்லை.

"முடிஞ்சுதோ? அனுப்பு."

அனுப்புவதற்கு ராசமலரின் மிட்ஐடி வேண்டும். சாரங்கி மேசையில் கவிழ்ந்து கிடந்த கைபேசியை எடுத்தாள். எத்தனையோ நூறு தரம் செய்த வேலை, கை தானாகப் போனது. தான் பிறந்த நாள், மாதம், வருடம். ஆறு இலக்கம்.

கைபேசி மறுத்தது. பிழையான இலக்கம் என்றது.

விரல் வழுக்கியிருக்கும் என்று இன்னொரு தரம் அமத்தினாள். பிழையான இலக்கம்.

"மாத்திப்போட்டன்," என்றாள் ராசமலர்.

சாரங்கி நிமிர்ந்தாள்.

"வியாழக்கிழமை லவன் ஸ்கீவயில இருந்து போன்ல சொல்லித்தர, நானே மாத்தினனான். சின்ன வேலைதான். இவ்வளவு நாளும் பெரிய வேலையெண்டு நினைச்சுக்கொண்டிருந்திட்டன்." ராசமலர் கையை நீட்டிக் கைபேசியை வாங்கித் தன் முன்னால் வைத்தாள். "அண்டைக்குக் கிடாரம் எடுக்க வந்ததும் லவன்தான். கொப்பர் தேர்வடம் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். அடுப்படியில இருந்து பாக்க அவரின்ர முதுகு எனக்குத் தெரிஞ்சது. வெயிலில சிவந்துபோய்க் கிடந்தது. பின்னேரம் தயிர் பூசிவிட்டதும் நான்தான்."

சண்முகலிங்கம் "மலர்" என்றார்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ. உங்களை நான் ஒண்டும் சொல்லேல்லை. பெத்த மனுசன், பொய் சொல்லுவியள். நான் அதைப் பொறுப்பன்." அவள் கண் மகளை விட்டு அகலவில்லை. "என்ர கடிதமெல்லாம் பாத்து அமத்துறது நீதானே, நீ ஓம் எண்டு அமத்தினதையும் பொறுத்திருப்பன், பிள்ளை. எனக்கு நல்லதெண்டு நினைச்சு அமத்தியிருப்பாய். நீ வந்து சொல்லுவாய் எண்டு வியாழக்கிழமையில இருந்து பாத்துக்கொண்டிருந்தனான். சொல்லேல்லை. சரி, எழுதச் சொல்லிப் பாப்பம், கை நிக்கும் எண்டு நினைச்சன். நிண்டது. ஆனா பிறகு எழுதினாய்."

சாரங்கியின் வாயில் டேனிஷ்தான் வந்தது. மன்னிப்புக் கேட்கிற அந்தச் சொல் பாதியில் இருக்கும்போதே ராசமலர் கையை உயர்த்தினாள்.

"இந்த வீட்டில தமிழில சொல்லு."

தமிழில் அதை அம்மாவிடம் சாரங்கி ஒருநாளும் சொன்னதில்லை. எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது. அதைப் பார்த்து 'ஸோ, ஸோ' என்று சொல்ல அந்த மேசையில் ஒருவரும் இல்லை.

சண்முகலிங்கம் கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தார். மனைவியையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

லாப்டொப் திரையில் கடிதம் அப்படியே திறந்து கிடந்தது. அப்பாவின் பெயருக்குப் பின்னால் அந்தச் சின்னக் கோடு மினுங்கி மினுங்கி நின்றது.

"பேரை மாத்திறதும் விடுறதும் உன்ர விருப்பம்," என்றாள் ராசமலர். "அனுப்ப முதல் என்னட்டைத் தா. இந்தமுறை நான்தான் அமத்துவன்."

வெளியே கராஜ் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது.

ராசமலர் தலையை அந்தப் பக்கம் சாய்த்தாள்.

"கேட்டியோ?" என்றாள். "இது அப்பா."